படிவுப் பாறை தரும் சான்று

ஒடிசாவில் வெயிலுக்குப் பேர்போன ஊர்களில் தால்சேர் ஒன்று. 1856-இல் அங்கே நிலக்கரிப் பாறைகளை ஆராயப் போன மூன்று நிலவியலாளர்களுக்கு ஒரு புதிர் காத்திருந்தது. வில்லியம் பிளான்ஃபோர்டு, அவருடைய தம்பி ஹென்றி பிளான்ஃபோர்டு, வில்லியம் தியோபால்டு ஆகிய மூவரும் நிலக்கரி அடுக்குகளுக்குக் கீழே ஒரு விசித்திரமான படிவைக் கண்டார்கள். பச்சை நிறத்தில் நுண்ணிய களிப்பாறை. அதற்குள் ஓராள் அசைக்க முடியாத கருங்கல் குண்டுகள். குண்டுகளை உருட்டி வரும் வேகமுள்ள வெள்ளத்தில் நுண்களி தங்காது. களி தங்கும் அளவுக்கு அசையாத நீரில் குண்டுகள் வந்து சேர வழியில்லை. இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்து போடக்கூடியது பனிக்கட்டி மட்டுமே என்று மூவரும் எழுதினார்கள். ஐரோப்பாவிலேயே பனியுகம் என்ற கருத்து முழுதாக வேரூன்றாத காலம் அது. வெப்ப மண்டல இந்தியாவில் பனிப் படிவு என்றால் யார் நம்புவார்கள்?

இன்று அதில் ஐயமில்லை. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலப்பகுதி கோண்ட்வானா என்ற பெருங்கண்டத்தின் பகுதியாகத் தென் துருவத்துக்கு அருகே கிடந்தது. அதை மூடியிருந்த பனியாறுகளின் எச்சமே தால்சேர்ப் படிவு. ஆனால் இந்த முடிவு ஒரு கல்லைப் பார்த்த மாத்திரத்தில் உறுதிப்படவில்லை. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு வகைச் சான்றுகள் ஒன்றையே சொன்ன பிறகுதான் உறுதிப்பட்டது. படிவுப் பாறைகளைப் படிக்கும் கலையின் அடிப்படை இதுதான். ஒற்றை அடையாளம் எப்போதும் ஏமாற்றக்கூடும். ஒன்றையொன்று சாராத பல சான்றுகள், அவை கிடந்த அதே அடுக்கில் வைத்துப் பார்க்கப்படும்போது மட்டுமே பழைய உலகம் தெளிவாகத் தெரிகிறது.

பாறையிடம் கேட்கும் மூன்று கேள்விகள்

எந்தப் படிவுப் பாறையிடமும் நிலவியலாளர் கேட்பவை மூன்று: இந்த மணல் எங்கிருந்து வந்தது? எது சுமந்து வந்தது? எங்கே வந்து தங்கியது?

சுமந்து வந்தது எது என்பதை மணிகளின் அளவும் உருவமும் சொல்லும். ஓடும் நீரும் காற்றும் சல்லடை போலச் சலிக்கும். பருமணல் ஓரிடத்தில் தங்கும், நுண்மணல் இன்னும் தள்ளிப் போகும், களி கடைசியில் படியும். பனியாறு சலிப்பதில்லை, கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளி வந்து உருகும் இடத்தில் கொட்டிவிடும். நெடுந்தூரம் நீரில் உருண்ட கல் உருண்டையாகும். பனியின் அடியில் சிக்கி அரைபட்ட கல்லுக்குத் தட்டையான முகங்களும் அவற்றின் மேல் இணையான கீறல்களும் உண்டு.

தால்சேர்க் கற்களில் அந்தக் கீறல்கள் இருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் சந்திரப்பூர் அருகே பென்கங்கா ஆற்றோரத்தில் இன்னும் வலுவான சான்று கிடைத்தது. அங்கே குண்டுப் படிவுக்கு அடியில் இருக்கும் பழைய சுண்ணாம்புக்கல் தரையே வரிவரியாகக் கீறப்பட்டு மெருகேறியிருக்கிறது. கற்கள் வேறெங்கோ கீறப்பட்டு வந்திருக்கலாம் என்று வாதிடலாம். தரையை யாரும் தூக்கி வர முடியாது. மூன்றாவது சான்று களிப்பாறையின் மெல்லிய அடுக்குகளில் இருக்கிறது. சில இடங்களில் தனிக்கல் ஒன்று அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். அதன் கீழுள்ள அடுக்குகள் அமுங்கி வளைந்திருக்கும். மேலுள்ளவை அதை மூடிப் போர்த்தியிருக்கும். மிதந்து வந்த பனிப்பாளம் உருக, அதில் ஒட்டியிருந்த கல் நீரடிச் சேற்றில் விழுந்ததன் தடம் இது. நான்காவது, வேதியியல் சான்று. ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் விரைவில் களியாக மாறிவிடும். தால்சேர் மணற்கற்களில் அது சிதையாமல் இருக்கிறது. குளிர்ந்த சூழலுக்கு அது பொருந்துகிறது.

அந்தப் பனி உருகியபோது கடலும் உள்ளே புகுந்தது. சத்தீஸ்கரில் மனேந்திரகர் அருகே ஹஸ்தேவ் ஆற்றங்கரையில், தால்சேர்ப் படிவுக்குள்ளேயே கடல் சிப்பிகள் கிடைக்கின்றன. அவற்றுள் யூரிடெஸ்மா என்ற சிப்பி குளிர்ந்த கடலுக்குரியது. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அதே காலத்துப் பனிப் படிவுகளோடு சேர்ந்தே அது காணப்படுகிறது. இன்று கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஓர் ஆற்றங்கரை ஒரு காலத்தில் குளிர்கடலின் கரை என்பதை அந்தச் சிப்பிகள் காட்டுகின்றன.

பனி போய்க் காடு வந்தது

தால்சேருக்கு மேலே கிடப்பவை ஜாரியா, ராணிகஞ்ச், சிங்ரௌலி முதலிய வயல்களின் நிலக்கரிப் பாறைகள். பராக்கர் எனப்படும் தொகுதியில் ஓர் ஒழுங்கு திரும்பத் திரும்ப வரும். அடியில் பருமணற்கல், அதன் மேல் நுண்மணல், பிறகு களிப்பாறை, அதற்கு மேல் நிலக்கரி; மறுபடியும் பருமணற்கல். மணற்கல்லில் அடுக்குகள் சாய்ந்து கிடக்கும். அந்தச் சாய்வே பழைய ஆற்றின் ஓட்டத் திசையைக் காட்டும். ஆறு ஓரிடத்தில் ஓடி மணலைப் போட்டது. பின் தடம் மாறி விலகியது. விட்டுச்சென்ற தாழ்நிலம் சதுப்பாகிக் காடு வளர்ந்து, மக்காத தாவரக் குப்பை குவிந்தது. ஆறு மீண்டும் திரும்பி வந்து அதை மூடியது. நிலம் மெல்ல அமிழ்ந்துகொண்டே இருந்ததால் இந்தச் சுழற்சி பலமுறை நடந்தது. சிங்ரௌலியின் ஜிங்குர்தா அடுக்கில் நிலக்கரியின் தடிமன் 100 மீட்டரையும் தாண்டுகிறது.

அந்தக் காட்டின் முதன்மை மரம் குளோசோப்டெரிஸ். நாக்கு வடிவ இலை, நடுவே தடித்த நரம்பு, இருபுறமும் வலைபோலப் பின்னிய கிளை நரம்புகள். அண்டார்டிகா முதல் தென் அமெரிக்கா வரை கோண்ட்வானாவின் எல்லாத் துண்டுகளிலும் இந்த இலை கிடைக்கிறது. அந்தக் காலத்துக் கட்டைகளில் வளர்ச்சி வளையங்கள் தெளிவாக இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை வளர்ச்சி நின்று மீண்டும் தொடங்கியது என்பது அதன் பொருள். நிலக்கரி என்றதும் வெப்ப மழைக்காடு மனத்தில் வந்துவிடும். வளையங்கள் அந்தக் கணிப்பைத் திருத்துகின்றன: இது பருவம் மாறும் குளிர்ந்த நாட்டின் சதுப்புக் காடு.

காடு நின்ற இடத்திலேயே நிலக்கரி உண்டானதா, வெள்ளம் வாரி வந்த தழைக்குப்பையிலிருந்து உண்டானதா என்ற கேள்வி நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. இந்திய நிலக்கரியில் சாம்பல் மிகுதி. அதாவது தாவரத்தோடு மண் நிறையக் கலந்திருக்கிறது. அடித்துவரப்பட்டது என்போருக்கு அது ஆதாரம். மறுபக்கம், குளோசோப்டெரிஸ் மரத்தின் வேரான வெர்டிப்ரேரியா களிப்பாறைகளுக்குள் கிடைப்பது அதே இடத்தில் மரங்கள் நின்றதைக் காட்டுகிறது. ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே பார்த்துத்தான் இதைத் தீர்க்க வேண்டும். எல்லா நிலக்கரிக்கும் ஒரே பிறப்புக் கதை எழுத இயலாது.

ராணிகஞ்சில் நிலக்கரிக்கு மேல் வருவது பஞ்சேத் தொகுதி. அங்கே கரியே இல்லை. சிவந்த களியும் மணலும் தெரிகின்றன. பூமியின் மிகப்பெரிய உயிரழிவு நடந்து முடிந்த, சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம் அது. குளோசோப்டெரிஸ் காடுகள் மறைந்துவிட்டன. பன்றி அளவுள்ள லிஸ்ட்ரோசாரஸ் என்ற தாவரந்தின்னியின் எலும்புகள் அங்கே கிடைக்கின்றன. தென்னாப்பிரிக்காவிலும், 1969-இல் அண்டார்டிகாவிலும் அதே விலங்கின் எலும்புகள் கிடைத்தபோது, இந்த நிலங்களெல்லாம் ஒரு காலத்தில் ஒட்டிக்கிடந்தன என்பதற்கு மறுக்க முடியாத சான்றாயிற்று.

அரியலூரில் கடலின் வரவும் போக்கும்

தால்சேரில் வேலை செய்த அதே ஹென்றி பிளான்ஃபோர்டுதான் அடுத்துத் திருச்சிராப்பள்ளிப் பக்கம் வந்தார். பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவரானவரும் இவரே. 1840-களில் இந்தப் பகுதியிலிருந்து கே, கன்லிஃப் என்ற இருவர் அனுப்பிய புதைபடிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் லண்டனில் ஆராய்ந்து, அவை கிரிடேசியஸ் காலத்தவை என்று 1846-இல் வெளியிட்டிருந்தார். பிளான்ஃபோர்டு நிலத்தை நடந்து அளந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து 1862-இல் அறிக்கை வெளியிட்டார். அந்தப் பெயர்கள் இன்றும் உலக நிலவியல் நூல்களில் வழங்குகின்றன.

இந்தப் பாறைகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருக்கின்றன. ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே போகப் போகப் பாறையின் வயது குறைகிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் தொடங்கி அரியலூர் தாண்டிப் போகும் ஒரு நாள் பயணத்தில் நான்கு கோடி ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றைக் கடந்துவிடலாம்.

மேற்கோரத்தில் பழைய கருங்கல் நிலத்தை ஒட்டி, தெரணி அருகே வெளிறிய களி. அதில் தில்லோபில்லம் போன்ற நிலத் தாவரங்களின் இலைகள். கடல் இன்னும் வரவில்லை. கல்லக்குடி டால்மியாபுரத்தில் பவளமும் சுண்ணப்பாசியும் கட்டிய சுண்ணாம்புக்கல். பாசிக்கு ஒளி வேண்டும். எனவே ஆழமற்ற தெளிந்த கடல் வந்துவிட்டது. அடுத்து காரை.

காரையில் நிலம் ஓடை ஓடையாக அரிக்கப்பட்டுக் கிடக்கிறது. மரம் அரிது. வெடித்த மஞ்சள், சாம்பல் களி மீது துப்பாக்கித் தோட்டா வடிவில் பெலம்னைட்டுகள் சிதறியிருக்கும். கணவாய் இனத்தைச் சேர்ந்த விலங்கின் உள்ளோட்டின் முனை அது. சுருள் ஓடுள்ள அம்மோனைட்டுகளும் உண்டு. களி நுண்ணியது, அடுக்குகள் கலையாதவை, உயிரினங்கள் திறந்த கடலுக்குரியவை. அலை தொடாத, ஓரளவு ஆழமான கடலடி இது என்று மூன்று சான்றும் ஒருமிக்கச் சொல்கின்றன.

காரையில் கண்ணைப் பறிக்கும் இன்னொரு பொருள் ஜிப்சம். வெயிலில் தகதகக்கும் தகடுகள் எங்கும் கிடக்கின்றன. கடல்நீர் வற்றினால் ஜிப்சம் படியும் என்பது பாடநூல் அறிவு. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் காரை வற்றிப்போன உப்பங்கழி என்றல்லவா முடிவு கட்டுவோம்? கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். ஜிப்சம் அடுக்குகளோடு இணையாக மட்டும் இல்லை. அவற்றை வெட்டிக்கொண்டு விரிசல்களில் நரம்பு நரம்பாக ஓடுகிறது. விரிசல் விழுந்த பிறகுதான் அதை நிரப்ப முடியும். களியிலுள்ள பைரைட்டு என்ற இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுச் சிதைந்து கந்தக அமிலமாக, அது கிளிஞ்சல்களின் சுண்ணத்தோடு சேர்ந்து ஜிப்சமாகிறது. கடல் போய் நெடுங்காலம் கழித்து நடந்த மாற்றம் இது. அந்தக் கடலைப் பற்றி ஜிப்சம் எதுவும் சொல்லவில்லை.

அருகிலுள்ள சாத்தனூர் கல்மரமும் அப்படித்தான். 18 மீட்டர் நீளமுள்ள இந்த அடிமரத்தை 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநராகப் பின்னர் வந்தவர் அவர். மரத்தைக் கண்டால் காடு நினைவுக்கு வரும். ஆனால் அது கிடப்பது கடல் படிவில். கரையில் நின்ற மரம் வெள்ளத்தில் அடிபட்டுக் கடலுக்கு வந்து அமிழ்ந்திருக்கிறது. இந்தப் பகுதியின் கல்லான கட்டைத் துண்டுகள் சிலவற்றில் கப்பல் புழு குடைந்த துளைகளும் காணப்படுகின்றன. மரம் நிலத்தில் பிறந்தது, கடலில் கல்லானது. புதைபடிவம் பிறந்த இடம் வேறு, புதைந்த இடம் வேறு என்பதை மறந்தால் பாறையைத் தலைகீழாகப் படித்துவிடுவோம்.

கருடமங்கலத்தில் மணற்கல்லும் நெருக்கமான கிளிஞ்சல் படிவும் வருகின்றன. அலையும் நீரோட்டமும் உள்ள கரையோரக் கடல் அது. கல்லங்குறிச்சியில் கிரைஃபியா என்ற தடித்த சிப்பிகள் திட்டுத் திட்டாகக் குவிந்து சுண்ணாம்புக்கல்லாகியிருக்கின்றன. அரியலூரின் சிமெண்ட் ஆலைகள் அரைப்பது இந்தச் சிப்பிக் கடலைத்தான். கல்லமேட்டில் கடல் பின்வாங்கிவிட்டது. ஆற்று மணலிலும் சேற்றிலும் டைனோசர் எலும்புகள் கிடைத்தன. அதற்கும் கிழக்கே நின்னியூரில் கடல் மீண்டும் வருகிறது, ஆனால் அந்தச் சுண்ணாம்புக்கல்லில் அம்மோனைட் ஒன்றுகூட இல்லை. இடையில் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு அம்மோனைட்டுகளும் பூண்டோடு அழிந்துவிட்டன.

மணல் எந்த மலையிலிருந்து வந்தது?

படிந்த இடத்தைச் சொல்வதோடு பாறை நிற்பதில்லை; மணலின் பூர்வீகத்தையும் சொல்லும். அதற்கு நல்ல எடுத்துக்காட்டு இமாசலப் பிரதேசத்தின் சோலன் பக்கத்து மலைகள். அங்கே சுபாத்து, தக்‌ஷாய், கசௌலி என மூன்று தொகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன.

சுபாத்துப் பாறைகளில் நாணய வடிவ நம்முலைட்டுகள் உண்டு. ஒற்றைச் செல் கடலுயிரிகளான இவை ஆழமற்ற வெப்பக் கடலில் வாழ்ந்தவை. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே இருந்த கடலின் கடைசிக் காலத்தை இவை குறிக்கின்றன. மேலே வரும் தக்‌ஷாயில் கடல் இல்லை. சிவந்த களியும் ஆற்று மணற்கல்லும் மட்டுமே. அந்த மணற்கல்லில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகளின் துணுக்குகளும் காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்காவும். பூமிக்குள் புதைந்திருந்த பாறைகள் மலையாக எழுந்து தேயத் தொடங்கிய செய்தி அதுதான்.

மைக்காவுக்குள் ஒரு காலக் கணக்கும் இருக்கிறது. அதிலுள்ள பொட்டாசியத்தின் ஒரு சிறு பகுதி கதிரியக்கத்தால் ஆர்கான் வாயுவாக மாறுகிறது. கனிமம் குளிர்ந்த பிறகே ஆர்கான் உள்ளே தங்கும். எனவே தேங்கிய ஆர்கானை அளந்தால் குளிர்ந்த காலம் தெரியும். தக்‌ஷாயின் மைக்கா மணிகளைத் தனித்தனியே லேசரால் சூடாக்கி அளந்து யானி நஜ்மானும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். இளைய மணிகளின் வயது சுமார் 2.8 கோடி ஆண்டு. மணியைவிடப் பாறை மூத்ததாக இருக்க முடியாது. அதனால் சுபாத்துக் கடலுக்கும் தக்‌ஷாய் ஆறுகளுக்கும் இடையே ஒரு கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி இருந்தது தெரியவந்தது. இரண்டும் தொடர்ச்சியாகப் படிந்தவை என்று கருதியவர்களின் இமயமலைக் காலக்கணக்கையே அந்தச் சிறு மணிகள் மாற்றின.

தவறாகப் படித்த பாறைகள்

மத்திய இந்தியாவின் விந்தியப் பாறைகள் பழைய கடலின் மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அடங்கியவை. 1998-இல் அவை உலகச் செய்தியாயின. ஆர்.ஜே. ஆஸ்மி என்ற ஆய்வாளர் ரோதாஸ் சுண்ணாம்புக்கல்லில் நுண்ணிய புதைபடிவங்களைக் கண்டதாகவும், அவை கேம்பிரியன் காலத்தவை என்றும் எழுதினார். அப்படியானால் பாறையின் வயது 54 கோடி ஆண்டு அளவில்தான் இருக்க வேண்டும். அதே ஆண்டில் வேறொரு குழு, விந்தியத்தின் சோர்ஹட் மணற்கல்லில் 100 கோடி ஆண்டுக்கு முந்தைய விலங்குகள் ஊர்ந்த தடங்கள் இருப்பதாக எழுதியது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. பெரும் சர்ச்சை எழுந்தது.

தீர்ப்பு எரிமலைச் சாம்பலிலிருந்து வந்தது. விந்தியத்தின் கீழ்ப்பகுதி அடுக்குகளுக்கு இடையே கிடந்த சாம்பல் படிவிலுள்ள சிர்க்கான் மணிகளை யுரேனியம், ஈயம் முறையில் அளந்து 2002-இல் வெளியான ஆய்வுகள், பாறை சுமார் 160 கோடி ஆண்டு பழையது என்று காட்டின. ஆஸ்மி குறித்த காலம் தவறு. ஆனால் அவர் கண்டெடுத்தவை உண்மையான புதைபடிவங்களே. சித்திரகூடத்து விந்தியப் பாறையை சுவீடன் ஆய்வாளர் ஸ்டெஃபான் பெங்ட்சனின் குழு மீண்டும் ஆராய்ந்து, செம்பாசி போன்ற உயிரிகளின் எச்சங்களை 2017-இல் அறிவித்தது. அவற்றில் ஒன்றுக்கு ரஃபாடாஸ்மியா என்று ஆஸ்மியின் பெயரையே வைத்தார்கள். புறக்கணிக்கப்பட்ட பாறை, அறியப்பட்ட மிகப் பழைய செம்பாசிகளுக்கு உரிய இடமாகப் பேசப்படுகிறது.

பீம்பேட்காவின் கதை வேறு மாதிரி முடிந்தது. பழைய குகை ஓவியங்களுக்குப் புகழ்பெற்ற அந்தப் பாறைக் குடையில், மேற்கூரையில் ஓர் இலை போன்ற வடிவம் தெரிந்தது. அது 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டிக்கின்சோனியா என்ற உயிரி என்று 2021-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை அறிவித்தது. நாளிதழ்கள் கொண்டாடின. ஜோசப் மீர்ட் தலைமையிலான குழு பின்னர் அங்கே போய் நெருங்கிப் பார்த்தது. உருவம் பாறைக்குள் இல்லை, மேலே ஒட்டியிருந்தது, உதிர்ந்துகொண்டிருந்தது, சில இடங்களில் அறுகோண அறைகள் தெரிந்தன. தேனீக்கள் விட்டுப்போன கூட்டின் எச்சம் அது என்று 2023-இல் எழுதினார்கள். முதல் கட்டுரையின் ஆசிரியரும் அதை ஏற்றுக்கொண்டார். உருவ ஒற்றுமை ஒன்றை மட்டும் நம்பியதால் வந்த பிழை. அடுக்கோடு அதற்குள்ள உறவைப் பார்த்ததும் தீர்ந்தது.

கல்லைவிட இடம் முக்கியம்

மேலே கண்ட ஒவ்வொரு தீர்ப்பிலும் ஒரே பாடம் இருக்கிறது. தால்சேரில் அமுங்கிய அடுக்கு, காரையில் ஜிப்சம் ஓடும் விரிசல், சாத்தனூரில் மரத்தைச் சுற்றியுள்ள கடல் மணல், விந்தியத்தில் சாம்பல் கிடந்த நிலை. பொருள் தனியாகச் சொன்னது கொஞ்சம். அது இருந்த இடம் சொன்னது அதிகம். கூடத்தில் வைத்த அம்மோனைட் அழகுப் பொருள். எந்த ஊரின் எந்த அடுக்கில், எதற்கு மேலும் எதற்குக் கீழும் கிடந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அது சான்றாகாது.

இழப்பு ஏற்கெனவே நடந்திருக்கிறது. கல்லமேட்டில் கிடைத்து 1980-களில் புருகத்காயோசாரஸ் எனப் பெயரிடப்பட்ட பேருருவ டைனோசரின் எலும்புகள் பாதுகாக்க முடியாமல் நொறுங்கிப் போயின. அது உலகின் மிகப்பெரிய நிலவிலங்குகளில் ஒன்றா என்ற கேள்வியை வரைபடங்களையும் புகைப்படங்களையும் வைத்தே இன்று விவாதிக்க வேண்டியிருக்கிறது. சுரங்கங்களின் நிலையும் இரட்டையானது. புதிய முகப்பைத் திறந்து காட்டுவதும் அவையே, அதை அரைத்துத் தீர்ப்பதும் அவையே. நிலவியல் மரபிடங்களைக் காக்கும் வரைவு மசோதா ஒன்றை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது. அத்தகைய சட்டம் வலுவாக வர வேண்டும். வெட்டப்படும் முகப்புகளை வெட்டுவதற்கு முன் அளந்து பதிவு செய்வதைச் சுரங்க உரிமத்தின் கட்டாய நிபந்தனையாக்க வேண்டும்.

காரைக்கோ சாத்தனூருக்கோ போகும் வாசகர் செய்ய வேண்டியது எளிது. புதைபடிவத்தைக் கண்டால் பெயர்த்தெடுக்காதீர்கள். கிடந்த நிலையிலேயே, பக்கத்தில் அளவுக்கு ஒரு பொருளை வைத்துப் படம் எடுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு அருகிலுள்ள பல்கலைக்கழக நிலவியல் துறைக்கோ இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கோ தெரிவியுங்கள்.